உட்காரலாம் என்று எழுதியிருந்தது

டிஸ்சார்ஜ் காகிதம் மூன்று பக்கம் இருந்தது. முதல் இரண்டு பக்கம் எனக்குப் புரியாத மருத்துவம். மூன்றாம் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே இருந்த ஒரு வரி மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த இங்கிலீஷ். பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு நோயாளி 'மே ரெஸ்யூம் வீவிங்' என்று எழுதியிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்ட்டர் வரிசையில் நின்றபடி அந்த வரியை நான்கைந்து முறை படித்தேன்.

நான் ஆரணியில் ஒரு தனியார் பள்ளியில் ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை இங்கிலீஷ் எடுக்கிறேன். 'மே'க்கு இரண்டு பொருள் உண்டு என்று வருடம் தவறாமல் போர்டில் எழுதிப் போடுகிறவள். ஒன்று அனுமதி. இன்னொன்று, நடந்தாலும் நடக்கும், நடக்காமலும் போகும் என்கிற நிச்சயமில்லாத நிலை. 'கேன்' வேறு. அது முதலில் திறமையைச் சொல்கிற சொல். முடியும் என்று அர்த்தம். டாக்டர் 'கேன்' என்று எழுதவில்லை.

என் கணவர் பட்டு நெய்கிறவர். முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டின் முன்கட்டு முழுவதும் தறிதான். மகள் திருவண்ணாமலையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஐப்பசி மழையில் ஒரு நாள் தறி அறையின் ஜன்னல் கதவு ஊறிப்போய் மூட வரவில்லை. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலின்மேல் சாரல் அடிக்கிறதே என்ற பதற்றத்தில் வலது உள்ளங்கையைக் கண்ணாடிமேல் வைத்து ஓங்கி அழுத்தியிருக்கிறார். கண்ணாடி உடைந்து மணிக்கட்டில் இறங்கிவிட்டது. ஆரணியில் கட்டுப் போட்டு உடனே வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே அறுந்த தசைநார்களையும், கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரலுக்கு உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பையும் சேர்த்துத் தைத்தார்கள்.

மருந்தை வாங்கிக்கொண்டு வந்தேன். பெஞ்சில் கையைக் கழுத்திலிருந்து தொங்கிய துணித் தொட்டிலில் போட்டபடி உட்கார்ந்திருந்தவர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்.

"தறியப் பத்தி இன்னா எழுதிகிறாங்க?"

"பன்னண்டு வாரம் கழிச்சு உக்காரலாம்னு எழுதியிருக்காங்க."

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நம்முடைய 'லாம்' இருக்கிறதே, அதுவும் 'மே' மாதிரி இரண்டு பக்கமும் பேசும். 'உள்ளே வரலாம்' என்றால் அனுமதி. 'சாயங்காலம் மழை வரலாம்' என்றால் யாருக்கும் தெரியாது என்று பொருள். அவர் காதில் எது விழுந்தது என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இடது கை விரல்களை மடக்கி வாரங்களை எண்ணினார்.

"அப்ப தை முடியறதுக்குள்ள உக்காந்துடலாம்" என்றார். சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்த இடத்திலேயே, இதற்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறதுங்க, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காகிதத்தை நான்காக மடித்து என் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அவரால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இருபத்தைந்து வருடமாகக் காலையில் எழுந்ததும் தறிக்குழியில் கால் வைத்த மனிதர். வேட்டி போர்த்திக் கிடந்த தறியைச் சுற்றிச் சுற்றி வருவார். பாதி நெய்த சேலை ஒன்று அதில் அப்படியே நின்றிருந்தது. வேட்டியை விலக்கிப் பார்ப்பார், மூடுவார், தெருமுனை வரை நடப்பார், திரும்பி வருவார். பிறகு எதிர் வீட்டுத் தறியில் போய் நின்றுகொண்டு அங்கே நெய்கிறவருக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அந்த வீட்டுப் பெண் என்னிடம் வந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் பின்னால நின்னுகினு இருந்தா எங்க வீட்டுக்காரருக்குக் கையே ஓட மாட்டேங்குது. கொஞ்சம் வீட்டுலயே வெச்சிக்கோங்களேன்."

என் நிலைமையும் அவரைவிட மேல் இல்லை. அவர் கால் நடந்தது. என் மனசு நடந்தது. ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் செல்போனில் அகராதி பார்ப்பேன். 'மே'க்குக் கீழே இருக்கிற உதாரண வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் திறப்பேன். நீங்கள் இப்போது போகலாம் என்று ஒன்று இருக்கும். அடுத்ததே, அவர் ஊரில் இல்லாமல் இருக்கலாம் என்று இருக்கும். எங்கள் வரி எந்த ஜாதி வாக்கியம் என்று எதுவும் சொல்லவில்லை. டாக்டர் எழுதியது, நோயாளியைப் பற்றி எழுதியது, அதனால் அனுமதிதான் என்று காலையில் முடிவு செய்வேன். டாக்டர் 'கேன்' என்று எழுதப் பயந்துதான் 'மே' போட்டிருக்கிறார் என்று மத்தியானம் தோன்றும். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று யாரும் நினைக்கலாம். நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு நான்கு முறை அழுத்தாமல் விட்டேன். பதில் வந்துவிடுமே என்ற பயம்.

அந்தச் சமயம் பார்த்து ஏழாம் வகுப்பில் இதே பாடம் வந்தது. வகுப்பில் யாராவது எழுந்து "கேன் ஐ கோ டு டாய்லெட், மிஸ்?" என்றால், "கேன்னு கேட்டா உன்னால நடந்து போக முடியுமான்னு அர்த்தம். மேன்னு கேளு" என்று திருத்துவது என் பதினைந்து வருடப் பழக்கம். அனுமதி கேட்க உலகமே இன்று 'கேன்' சொல்கிறது என்பது தெரிந்தும் திருத்துவேன். அன்றைக்கு 'மே'யின் இரண்டு பொருளையும் போர்டில் எழுதி, 'இட் மே ரெய்ன்' என்று உதாரணம் போட்டேன். இரண்டாவது பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், மழைக்கு யாரு மிஸ் பர்மிஷன் குடுக்கறது?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். "அங்க பர்மிஷன் இல்லம்மா. நமக்குத் தெரியலன்னு அர்த்தம்."

"அப்ப ஒரு சென்டன்ஸைப் பாத்தா அது பர்மிஷனா, தெரியலையான்னு எப்படி மிஸ் கண்டுபுடிக்கறது?"

"யாரு சொல்றாங்க, எதுக்குச் சொல்றாங்கன்னு பாக்கணும்."

"அவங்க பக்கத்துல இல்லன்னா?"

'நாட்' சேர்த்துப் பார்க்கலாம் என்று சொல்லிச் சமாளித்தேன். 'கேன்னாட்' என்றால் முடியாது, அதோடு சரி. 'மே நாட்' அப்போதும் இரண்டு பக்கம் பேசும். ஆனால் தமிழில் 'வரலாம்' என்பதை எதிர்மறையாக மாற்றினால் குட்டு உடைந்துவிடுகிறது. ஒன்று 'வரக் கூடாது', இன்னொன்று 'வராமல் இருக்கலாம்'. இதைப் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. மருந்துக் கவுன்ட்டர் பக்கத்தில் அவர் மட்டும், 'உட்கார முடியாமல் போகவும் போகலாமா?' என்று மாற்றிக் கேட்டிருந்தால் நான் அன்றைக்கே மாட்டிக்கொண்டிருப்பேன். அவர் கேட்கவில்லை. என்னை நம்பினார்.

மார்கழிக் கடைசியில் அவருக்குப் பாவும் பட்டும் கொடுக்கிற முதலாளி வீட்டுக்கு வந்தார். தறியில் நிற்கிற சேலை ஒரு கல்யாண வீட்டுக்குச் சொன்னது.

"வேற ஆள் ஒக்காத்தி வெச்சி முடிச்சி தறியிலேர்ந்து அறுத்துடலாமாப்பா? உனக்கும் கை ஆறணும் இல்ல?"

"என் தறியில வேற ஆளா? வாணாங்க. தை கடைசில நான் உக்காந்துடுவேன். டாக்டரே உக்காரலாம்னு எழுதிக் குடுத்துகிறாங்க. இவதான் படிச்சா."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

தலையை ஆட்டினேன். "டீச்சரம்மாவே சொன்னா சரிதான்" என்று காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். வாயைத் திறந்து ஒரு சொல்கூடச் சொல்லாமல், தலையை மட்டும் ஆட்டியே ஒரு பெரிய பொய்யைச் சொல்லிவிட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. குளித்து, கற்பூரம் காட்டி, வேட்டியை விலக்கித் தறியில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடப் பையோடு நான் நிலைப்படியில் நின்றேன். கால் மிதியை அழுத்தியது. கயிற்றை வலது கையின் நான்கு விரலிலும் சுற்றிக்கொண்டு இழுத்தார். ஊடைநூல் சுற்றிய நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடியது. பன்னிரண்டு வாரமாக அந்த வீட்டில் இல்லாத சத்தம். என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அனுமதிதான், முடியும்தான், நான்தான் அநியாயத்துக்குப் பயந்தேன் என்று நினைத்தேன்.

பத்துப் பதினைந்து ஓட்டம் ஆகியிருக்கும். பாவில் ஓர் இழை அறுந்தது. இது தினமும் நடப்பதுதான். இரண்டு முனையையும் எடுத்து விரலால் ஒரு திருகு திருகி முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்வார்கள். அவர் என்னோடு பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல் இதைச் செய்வார். இப்போது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்தன. நடுவில் இழை இல்லை. மறுபடி சேர்ந்தன, இழை இருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை, இழுத்துவிட்டார். பக்கத்து இழைகளும் சேர்ந்து போயின.

"விடுங்க. நாளைக்குப் பாக்கலாம்."

"நீ கெளம்பு. ஆட்டோ பூடும்."

நான் போகவில்லை. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலும் முயன்றார். ஏழெட்டு இழை தொங்கியது. கடைசியில் கையை மடியில் போட்டுக்கொண்டார்.

"இழை விரல்ல கீதா இல்லியான்னே தெரில. மரக்கட்ட மாதிரி கீது." பிறகு, "அந்தக் காயிதத்த எடு" என்றார்.

பையிலிருந்து எடுத்தேன். மடித்து மடித்துப் பார்த்ததில் மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. அது அவர் கண்ணில் பட்டது.

"இதுல முடியும்னு எங்க போட்டுகிது? காட்டு."

"முடியும்னு போடல. மேன்னு போட்டிருக்கு."

"மே மாசமா?"

"மாசம் இல்லங்க." அவருக்குச் சொன்னேன். வகுப்பில் சொல்வது போலவே இரண்டு பொருளையும் சொன்னேன். ஒன்று உட்கார விடுகிறோம் என்பது. இன்னொன்று உட்கார முடிந்தாலும் முடியும், முடியாமலும் போகும் என்பது. எதை நினைத்து எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

"இது உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"மூணு மாசமா தெரிஞ்சிகினே இருந்தியா?"

அவர் இடது கையால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பட்டன்கூடப் போடவில்லை. செல்போன் தறிப்பலகையிலேயே கிடந்தது.

தெருமுனைக்குத்தான் போயிருப்பார் என்று நினைத்துப் பள்ளிக்கூடம் போனேன். இரண்டு பீரியட் நின்றுகொண்டே எடுத்தேன். இன்டர்வெல்லில் எதிர் வீட்டுப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அண்ணன் இன்னும் வரவில்லை, காலையிலேயே ஆரணிப் பக்கம் நடந்தார் என்றாள். அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முதலாளி கடையில் இல்லை. ஆற்றங்கரையில் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்தேன். முள்ளிப்பட்டு வழியாக ஓடுகிற பஸ்ஸின் கண்டக்டருக்கு எங்களைத் தெரியும். அவர்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணன் படவேடு பஸ்ல ஏறிகினு இருந்தாரும்மா. ஒரு ஒம்பதர இருக்கும்."

படவேடு மலை அடிவாரத்து ஊர், நினைத்த நேரத்துக்கெல்லாம் பஸ் கிடையாது. முக்கால் மணி நேரம் அந்த ஸ்டாண்டுக்குள் நடந்தேன். பஸ் கிளம்பியதும் உட்கார்ந்தேன், எழுந்தேன், முன் சீட்டுக்கு மாறினேன். என் நெஞ்சில் ஓடிய நினைப்புகளை எழுத வேண்டாம். ஒரு கை போன மனிதன் மலை அடிவாரத்துக்கு எதற்காகப் போவான் என்று யோசித்தால் நல்ல பதிலா வரும்?

இறங்கினால் எதிரிலேயே இருந்தார். ரோட்டோரம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த வண்டிக்கும் டீக்கடைக்கும் நடுவில் போவதும் வருவதுமாக நடந்துகொண்டிருந்தார். சட்டைப் பட்டனை யாரோ போட்டுவிட்டிருந்தார்கள்.

"அம்மன் கோயிலுக்கு வந்தீங்களா?"

"வாசல் வரிக்கும் போனேன். உள்ள போவல." என்னைப் பார்க்காமலே சொன்னார். "பஸ்ஸு ஓடிகினு இருந்த வரிக்கும் நல்லா இருந்திச்சி. நின்னதும் மறுபடி பேஜாராய்டுச்சி. திரும்பிப் போலாம்னா பஸ்ஸு இல்ல."

டீக்கடையில் இரண்டு டீ சொன்னேன். கண்ணாடி கிளாஸை அவர் இடது கையில் வாங்கிக்கொண்டார்.

"ஏன் சொல்லல நீ?"

"நீங்க சிரிச்சீங்க. அதுக்கப்புறம் வாய் வரல."

அவர் டீயைக் குடித்து முடித்து கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தறி வராதுன்னு சொல்லியிருந்தாகூட தாங்கிகினு இருந்திருப்பேன். தெரியலன்னு சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து தெரியாம இருந்திருக்கலாம். நீ மட்டும் அந்த வார்த்தைய உள்ள வெச்சிகினு, தெனம் என் மூஞ்சியப் பாத்துகினு இருந்த பாரு. அதத்தான் தாங்க முடில."

திரும்பி வந்த பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். நாலைந்து நிறுத்தம் தாண்டி, "உன் கால் நோவல?" என்று கேட்டார். நோகுதுங்க என்றேன். "அப்ப உக்காரு" என்றார். அந்த அளவுக்குக் கோபம் இறங்கியிருந்தது.

அடுத்த வாரம் வேலூர் போனோம். அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் சின்ன வயதுப் பெண், வேறு மாநிலம். 'வலி இருக்கா', 'கை நீட்டுங்க' என்பதற்கு மேல் அவருக்குத் தமிழ் வராது. காகிதத்தை அவர் முன்னால் விரித்து வைத்து இங்கிலீஷில் கேட்டேன்: இந்த 'மே'யை நீங்கள் அனுமதி என்று எழுதினீர்களா, முடிந்தாலும் முடியலாம் என்று எழுதினீர்களா?

தன் கையெழுத்தையே புதிதாகப் பார்ப்பவர் போல அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. அனுமதி என்றுதான் எழுதினேன் என்றார். பன்னிரண்டு வாரத்தில் தையல் பிடித்துவிடும், நெய்தால் அறுந்துபோகாது, அதனால் நெய்ய விடலாம். அவ்வளவுதான் அந்த வரி. நெய்ய முடியுமா என்பதை அன்றைக்கு நான் எழுதவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது என்றார்.

மூன்று மாதமாக நான் பயந்த பொருள் அந்த வரியில் இல்லை. என் கணவர் நம்பிய பொருளும் அதில் இல்லை. இரண்டு பேரும் அந்தக் காகிதத்தில் இல்லாத ஒன்றோடு அத்தனை நாள் மல்லுக்கட்டியிருந்தோம்.

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் விரல் நுனிகளைத் தொட்டார். ஒன்றும் தெரியவில்லை என்று கணவர் தலையசைத்தார். பிறகு டாக்டர் மணிக்கட்டிலிருந்து உள்ளங்கையை நோக்கித் தன் விரலால் தட்டிக்கொண்டே போனார். உள்ளங்கையின் நடுவில் வந்தபோது இவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இங்க சுர்ர்னுது!"

நரம்பு அதுவரை வளர்ந்து வந்திருக்கிறது என்றார் டாக்டர். நகம் வளர்கிற மாதிரி, மெதுவாகத்தான் போகும். கணவர் என்னைப் பார்த்தார்.

"நுனி வரிக்கும் வருமாமா?"

இந்தத் தடவை டாக்டரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு சொன்னேன். "வரும்னு சொல்லல. வராதுன்னும் சொல்லல. கொஞ்சம் வரும்னு நெனைக்கறாங்க, எவ்ளோன்னு அவங்களுக்கே தெரியாதாம். பழைய மாதிரி ஆகாமலும் போகலாமாம். நீங்க நெய்யறதால கெடுதல் எதுவும் இல்லையாம்."

"ம்" என்றார். "இப்பதான் புரியுது."

ஊருக்கு வந்ததும் நேரே முதலாளியிடம் போய், கல்யாணச் சேலைக்கு வேறு ஆளை உட்கார வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். பத்து நாள் வேறொருவர் எங்கள் வீட்டில் நெய்தார். அந்தப் பத்து நாளும் இவர் அரிசியில் கைவிட்டுப் பிசைவது, துணி கிளிப்பை அழுத்துவது என்று பிசியோதெரபி ஆள் சொன்னதையெல்லாம் பின்கட்டில் செய்தபடி அந்தத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். சோறு இறங்கவில்லை அவருக்கு.

பிறகு கரை மட்டும் வைத்த சாதாரணச் சேலைக்குப் பாவு ஏற்றினார்கள். நான் தேசூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் எல்லோரும் கழனி வேலைக்காரர்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் தறியைத் தொட்டதே இல்லை. அந்தப் பங்குனியில் தொட்டேன். விடிகாலையில் அவர் நெய்வார், இழை அறுந்தால் நான் குனிந்து முடிச்சுப் போடுவேன். என் முடிச்சு மிளகு மாதிரி இருக்கும்.

"இது இன்னா, மாட்டுக்கயிறா? அவுத்துட்டு மறுபடி போடு, ஜல்தி."

"எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுதுங்க."

"அப்ப நேரத்தோட ஏந்திரி."

நான் போன பிறகு அறுந்தால் அவருக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்காது. வலது கையில் உணர்ச்சி மிச்சமிருந்த மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் ஒரு முனையைச் சொருகிக்கொண்டு, மற்ற வேலையை இடது கையால் செய்யப் பழகினார். முதலில் ஒரு முடிச்சுக்குக் கால்மணி நேரம் ஆனது. நேரம் குறையக் குறைய அவருக்கு வெறி ஏறியது. ஆடியில் ஆட்காட்டி விரல் நுனியில் சுருக்சுருக்கென்று ஆரம்பித்து, அப்புறம் சூடு தெரிந்தது, அப்புறம் தடிமனான எதையாவது தொட்டால் தெரிந்தது. கட்டைவிரல் நுனி இன்றுவரை மரத்துத்தான் இருக்கிறது. பார்த்துத்தான் முடிச்சுப் போடுகிறார். முன்பு எட்டு நாளில் இறங்கிய சேலை இப்போது பதினைந்து நாள் பிடிக்கிறது.

என் உதவியே இல்லாமல் அவர் முடித்த முதல் சேலையை ஆவணியில் அறுத்துக்கொண்டு இரண்டு பேரும் முதலாளி கடைக்குப் போனோம். முதலாளி அதைப் பாயில் விரித்து உள்ளங்கையால் நீளவாக்கில் தடவிக்கொண்டே வந்தார். கரை ஓரத்தில் நின்று, பின் தள்ளி, மறுபடி தடவினார்.

"இங்க ரெண்டு முடிச்சு தட்டுது."

"மூணு" என்றார் என் கணவர். "முந்தானி கிட்ட இன்னொண்ணு கீது. பாருங்க."

முதலாளி தேடிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சேலையை மடித்து அலமாரியில் வைத்தார். உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார். என் கணவர் உட்காரவில்லை. பக்கத்து அறையில் சுற்றி வைத்திருந்த பாவுகளை எட்டிப் பார்த்தபடி, அடுத்தது எந்தக் கலர் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.